பூனையின் இமையில் மரு... குதிரை முடியால் கட்டலாமா?

கேள்வி: "எங்கள் வீட்டு வெள்ளைப் பூனைக்கு ஒன்பது வயது. நெல் மூட்டைப் பக்கம் எலி அண்டாமல் பார்த்துக்கொள்வது அதுதான். இரண்டு மாதமாக அதன் கீழ் இமையில் மரு போல ஒன்று இருக்கிறது. பொருக்குத் தட்டி, சில நாள் ரத்தமும் கசிகிறது. குதிரை முடியால் இறுக்கிக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். கட்டலாமா, ஆபரேஷன் செய்ய வேண்டுமா?"

- வாசகி, மணப்பாறை.

கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்:

"முடியால் கட்ட வேண்டாம், சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். மாட்டுக்கு வரும் மரு பெரும்பாலும் வைரஸால் வருவது. பல நேரம் தானாகவே உதிர்ந்துவிடும். நாயின் இமையில் வருவதும் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். பூனைக்கு நேர்மாறு. இமையில் கட்டி என்றாலே புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பூனை, கீழ் இமை, ஆறாத பொருக்கு என நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகின்றன. வெள்ளைப் பூனையின் இமைத் தோலில் கருநிறம் இல்லாததால், வருடக்கணக்கில் வெயில் பட்டு இப்படி ஆகும். காது நுனி, மூக்கிலும் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டி மிளகளவில் இருக்கும்போதே எடுப்பது நல்லது. இமை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, இரு ஓரங்களையும் இணைத்துத் தைத்துவிடலாம். சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டால் அப்படித் தைக்க இமை போதாது. உதட்டுத் தோலைத் திருப்பி வைத்துப் புது இமை அமைக்க வேண்டியிருக்கும். அதையும் தாண்டினால் கண்ணையே எடுக்க நேரலாம்.

இமை விளிம்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும், தையல் முடிச்சு உள்பக்கம் திரும்பினாலும் கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும். அதனால் கண் அறுவை சிகிச்சையில் பழக்கமுள்ள மருத்துவரிடம் போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீண் செலவு என்று நினைக்காதீர்கள். என்ன கட்டி, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள்கள், கழுத்தில் கூம்பு வளையத்தைக் கழற்றக் கூடாது. பாவமாக இருக்கிறதே என்று கழற்றிவிட்டால் ஒரே பிறாண்டலில் தையல் போய்விடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தும் வேண்டாம். ஆறிய பிறகும் உச்சி வெயில் நேரத்தில் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

தொழுவத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளையாக உள்ள கலப்பின மாடு இருந்தால், அதன் இமையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாட்டுக்கும் இதே புற்று வரும்."