வேகம் குறைந்தால் பெட்ரோல் மிச்சம்! அமெரிக்கா போட்ட சட்டம்

காரில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பெரிய செலவு பெட்ரோல். அதைக் குறைக்க வழி உண்டா? உண்டு. வேகத்தைக் குறைத்தால் போதும்.

ஒரு தேசமே இதைச் செய்து பார்த்தது. அதுதான் அமெரிக்கா.

எண்ணெய்ப் பஞ்சம்

1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. அமெரிக்கா இஸ்ரேலுக்கு உதவியது. கோபம் கொண்ட அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள்.

1974 ஜனவரி 2-ந் தேதி, ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுவதும் கார்கள் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். 55 மைல் என்பது சுமார் 88 கிலோ மீட்டர்.

காற்றுதான் எதிரி

ஏன் இந்தச் சட்டம்? ஓடும் காரைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் 2 மடங்கானால், இந்த எதிர்ப்பு 4 மடங்கு ஆகும். அதை வெல்ல எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கிறது.

உயிரும் தப்பியது

1973-ல் அமெரிக்கச் சாலை விபத்துகளில் சுமார் 54 ஆயிரம் பேர் இறந்தார்கள். 1974-ல் அது சுமார் 45 ஆயிரமாகக் குறைந்தது. மக்கள் பயணத்தைக் குறைத்தது ஒரு காரணம். வேகம் குறைந்தது இன்னொரு காரணம்.

ஆனாலும் சட்டம் நிலைக்கவில்லை. எண்ணெய் தாராளமாகக் கிடைத்ததும், பலர் அதை மீறினார்கள். 1987-ல் சட்டம் தளர்ந்தது. 1995-ல் ரத்தானது.

மீண்டும் அதே யோசனை

2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. எண்ணெய் விலை ஏறியது. அப்போது சர்வதேச எரிசக்தி முகமை 10 யோசனைகள் சொன்னது. நெடுஞ்சாலை வேக வரம்பில் 10 கிலோ மீட்டராவது குறையுங்கள் என்பதே முதல் யோசனை!

கணக்குப் பாருங்கள்

300 கிலோ மீட்டர் பயணம். 100 கிலோ மீட்டர் வேகத்தில் 3 மணி நேரம் ஆகும். 90-ல் போனால் 3 மணி 20 நிமிடம். நஷ்டம் 20 நிமிடம்தான்!

இன்னும் சில வழிகள்:

* புறப்படுமுன் டயரில் காற்றுச் சரிபாருங்கள்.

* கார் கூரையில் பெட்டி, மூட்டை கட்டாதீர்கள். காற்று தடுக்கும்.

* திடீரென்று வேகம் எடுத்து, திடீரென்று பிரேக் போடாதீர்கள். ஒரே சீராக ஓட்டுங்கள்.

* சாப்பிட நிறுத்தினால் எஞ்சினையும் நிறுத்துங்கள்.

இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. எங்கோ போர் மூண்டால், இங்கே பெட்ரோல் விலை ஏறுகிறது. அந்தப் போரை நாம் நிறுத்த முடியாது. காரின் வேகத்தைக் குறைக்க முடியும். அதற்குச் சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.