பழ ஈயின் சிறகும் ஆலைக் கழிவு நீரும்

கனிந்த வாழைப்பழத்தை நாடி வரும் பழ ஈயின் சிறகை 400 மடங்கு பெரிதாக்கி நோக்கினால், அது மயிர் அடர்ந்த ஒரு வயலெனத் தோன்றும். சிறகொன்றில் ஏறத்தாழ 24,000 செல்கள் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. செல்லுக்கு ஒரு மயிர். அவை யாவும் சிறகின் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். மூன்றாவது குரோமோசோமின் ஒரு முனையருகே உள்ள ‘மல்டிபிள் விங் ஹேர்ஸ்’ என்னும் ஜீன் இந்த ஒழுங்கைக் காப்பவற்றுள் ஒன்று. வேண்டாத இடங்களில் மயிர் முளைக்காமல் தடுக்கும் புரதத்தை இந்த ஜீன் ஆக்குகிறது என்பது 2008ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதிகளும் பழுதுற்றால் செல்லுக்கு இரண்டு, மூன்று, சில வேளை ஐந்து மயிர்களும் முளைக்கும். ஆயினும் அந்த ஈ உயிர் வாழ்கிறது, இனம் பெருக்குகிறது. ஓர் ஈயின் மயிரை எண்ணுவதற்கு அரசாங்கப் பணம் எதற்கு என வினவுவோர் உளர். அவர்களுக்கு விடை கூறுதல் நமது கடமையே.

ஊறு விளைவிக்காத அடையாளம் என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு. கிராஃப், வுர்க்லர் முதலிய அறிஞர்கள் 1984இல் இதனை ஒரு சோதனை முறையாக்கி வெளியிட்டனர். ஒரு குரோமோசோமில் பல்மயிர் மாற்றமும், அதன் இணையில் மயிரைத் தீக்கொழுந்துபோல் உருக்குலைக்கும் ‘ஃப்ளேர்’ மாற்றமும் அமைந்த புழுக்களை வளர்க்கின்றனர். இரு ஜீன்களுக்கும் நல்ல பிரதி ஒவ்வொன்று இருத்தலால் சிறகு குறையின்றி அமைய வேண்டும். மூன்று நாள் வயதான புழுக்களுக்கு ஐயத்துக்குரிய பொருளை உணவிற் கலந்து, அவை கூட்டுப்புழுவாகும் வரை, அஃதாவது ஏறக்குறைய இரண்டு நாட்கள், ஊட்டுகின்றனர். பின்னாளில் சிறகாக மலரவிருக்கும் செல்கள் அப்போது புழுவின் உடலுக்குள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் அப்பொருள் நல்ல பிரதியை அழித்துவிட்டால், அச்செல்லின் சந்ததி முழுவதும் பல்மயிர்ப் புள்ளியாகச் சிறகில் நிற்கும். பெரிய புள்ளி, சேதம் முன்னரே நிகழ்ந்ததைக் காட்டும்; சிறிய புள்ளி, பின்னர் நிகழ்ந்ததை. பல்மயிரும் தீக்கொழுந்து மயிரும் அருகருகே இரட்டைப் புள்ளியாகத் தோன்றினால், இணைக் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டன என்று கொள்ளலாம். எவ்வகைச் சேதம், எப்பொழுது நேர்ந்தது என்னும் இரண்டையும் இத்துணை எளிதாகக் கூறும் கருவிகள் அதிகம் இல்லை.

நம் கல்லூரிகளிலோ மாணவர்கள் பழ ஈக்களில் வெண்கண்ணையும் செங்கண்ணையும் எண்ணி வருகின்றனர். வெண்கண் ஈயை மார்கன் 1910இல் கண்டார். விடை பாடநூலிலேயே உள்ளது. விடை தெரிந்த கணக்கை மீண்டும் போடுவது பயிற்சியாகலாம், ஆராய்ச்சியாகாது. அதே புட்டிகளும் அதே தீனியும் இச்சோதனைக்கும் போதும். கூடுதலாக வேண்டுவன இரண்டு ஈ வகைகளும், ஒரு நல்ல நுண்ணோக்கியும், பொறுமையுமே. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் டிரோசோபிலா நிலையம் போன்றவை இவ்விரு வகைகளையும் கேட்கும் கல்லூரிகளுக்கெல்லாம் வழங்க முன்வருதல் வேண்டும்.

இதன் தேவையைக் கான்பூரில் காணலாம். அங்கு ஜாஜ்மௌ பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள் குரோமிய உப்புக்களைப் பயன்படுத்துகின்றன. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இச்சிறகுச் சோதனையில் புள்ளிகளை மிகுவிப்பது அறிந்ததே. இரசாயனப் பகுப்பாய்வு நாம் பெயர் சொல்லிக் கேட்ட நஞ்சையே அளந்து கூறும்; கேளாததைக் கூறாது. கழிவு நீரோ பல பொருள்களின் கலவை. அதனை முழுமையாகப் புழுவுக்கு ஊட்டினால், பெயர் தெரியாத நஞ்சும் சிறகில் தன் தடத்தைப் பதிக்கக் கூடும்.

ஈக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமா என்பது நியாயமான கேள்வி. நேரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. எனினும் உண்ட பொருளை மாற்றி, சில வேளை நஞ்சாகவும் ஆக்கிவிடும் என்ஸைம்கள் ஈயின் உடலிலும் உண்டு. பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் சோதனைகளில் இதற்கெனப் பெரும்பாலும் எலியின் ஈரற்சாற்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. நஞ்சு ஊட்டாத ஈக்களிலும் இயல்பாகவே சில புள்ளிகள் தோன்றும். ஆகவே தூய நீர் ஊட்டிய புழுக்களுடன் ஒப்பிடாத எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மாணவரின் கணக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லவும் கூடாது. எந்தக் கிணற்று நீரைப் பெரிய ஆய்வுக்கூடம் முதலில் சோதிக்க வேண்டும் என்று அது காட்டினால் போதும்.

இப்பணியை மேற்கொள்ளும் ஆசிரியர்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருத்தல் நலம். சிறகுகளைப் பதித்த கண்ணாடித் தகடுகளில் எண்ணை மட்டுமே எழுதுக. எது ஆலையடிக் கிணறு, எது தூய நீர் என்பது, கடைசித் தகட்டைப் பார்த்து முடிக்கும் வரை எண்ணும் மாணவருக்குத் தெரியலாகாது.