இரவல் விடையின் விலை

2020ஆம் ஆண்டு கொவிட்-19 காரணமாகச் சிங்கப்பூரில் வழக்கறிஞர் தகுதிக்கான ‘பி’ பிரிவுத் தேர்வு இணையம்வழி நடைபெற்றது. அதில் 11 பயிற்சி வழக்கறிஞர்கள் முறைகேட்டில் ஈடுபட்டது பின்னர் தெரியவந்தது. அவர்களில் ஐவர் ஆறு தாள்களுக்கான விடைகளை வாட்ஸ்அப் வழியாகப் பகிர்ந்துகொண்டனர். வேறொருவர் மூன்று தாள்களில் சக தேர்வரோடு கூட்டுச் சேர்ந்தார்.

இந்த ஆறு பேரும் மீண்டும் தேர்வெழுதித் தேறினர். ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. வழக்கறிஞராகப் பதிவுபெற அவர்கள் விண்ணப்பித்தபோது, அது உயர் நீதிமன்றம் வரை வந்தது. 2022 ஏப்ரலில் நீதிபதி சூ ஹான் டெக் ஆறு விண்ணப்பங்களையும் ஒத்திவைத்தார். தவற்றை ஒப்புக்கொண்ட ஐவருக்கு ஆறு மாதம். விசாரணையின்போது முதலில் மறுத்தவருக்கு ஓராண்டு. தொடக்கத்தில் மறைக்கப்பட்டிருந்த பெயர்களும் சில நாள்களில் வெளியாயின.

அவர்களுக்குச் சட்டம் தெரியுமா என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. நாளை கட்சிக்காரரின் பணத்தையும் ரகசியத்தையும் இவர்களிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி. விடையைப் பகிர்வது தவறு என்பது அந்தத் தேர்வை எழுதிய அனைவருக்கும் தெரியும்.

இன்றைய மாணவர்களின் நிலை அவ்வளவு தெளிவானதன்று. 2025 ஜூனில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் மூவர், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகக் கூறப்பட்டு ஒரு கட்டுரைக்குப் பூஜ்ய மதிப்பெண் பெற்றனர். அந்தப் பாடத்தில் அதற்குத் தடை இருந்ததாகவும், கட்டுரைகளில் இல்லாத மேற்கோள்கள் காணப்பட்டதாகவும் பல்கலைக்கழகம் கூறியது. மேற்கோள் பட்டியலை அகர வரிசைப்படுத்த மட்டுமே ஓர் இணையத்தளத்தைப் பயன்படுத்தியதாக ஒரு மாணவி வாதிட்டார். எழுத்துப்பிழை திருத்துவது உதவியா? பத்தியை மாற்றி எழுதித் தரச் சொல்வது உதவியா? கோடு எங்கே என்பதில்தான் சிக்கல்.

இந்தக் கோட்டைப் பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் வரைகிறார். ஒரு பாடத்தில் அனுமதிக்கப்படுவது இன்னொன்றில் குற்றமாகலாம். ஆகவே, எழுதத் தொடங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது மாணவரின் பொறுப்பு. முன்கூட்டியே தெளிவாகச் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு.

வீட்டுக்கும் இதில் பங்குண்டு. வீவக வீடுகளில் வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் பலருக்கு, பிள்ளை கணினியில் என்ன எழுதுகிறது என்பது தெரியாது. துணைப்பாட ஆசிரியரே ஒப்படைப்பை எழுதிக் கொடுத்தால், நல்ல மதிப்பெண் வந்ததே என்று மகிழ்வோரும் உண்டு. அந்தப் பழக்கமும் இரவல்தான். கருவி மட்டுமே மாறியிருக்கிறது.

பிள்ளையின் வேலையைச் சோதிக்கப் பெற்றோருக்குக் கணினி அறிவு தேவையில்லை. மடிக்கணினியை மூடச் சொல்லி, “எழுதியதை எனக்குப் புரியும்படி சொல்” என்று தமிழில் கேட்டால் போதும். தானே எழுதிய பிள்ளை தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடும்.

மாணவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. வரைவுகளை அழிக்காமல் தேதியோடு சேமித்து வைக்கவேண்டும். ஒரு கருத்தை எடுக்கும்போதே எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மேற்கோளையும் தேடித் திறந்து படிக்கவேண்டும். சந்தேகம் எழும் நாளில் நேர்மையான மாணவருக்குத் துணை நிற்பது அந்த வரைவுகளே.