அஷர் மாளிகையின் நோய் என்ன?

பழைய திகில் கதைகளை இன்று திருப்பிச் சொல்ல முற்படும் எழுத்தாளர்களும் திரை இயக்குநர்களும் காலத்தை மாற்றுகிறார்கள், நாட்டை மாற்றுகிறார்கள், சாட்சியாக நின்றவரைக் கதைத்தலைவர் ஆக்குகிறார்கள். இவற்றையெல்லாம் விட ஆழமான மாற்றம் ஒன்று பல மறுபுனைவுகளில் காணப்படுகிறது: மூல ஆசிரியர் காரணம் சொல்லாமல் விட்ட அச்சத்துக்கு அவை ஒரு காரணத்தைத் தேடிக் கொடுக்கின்றன. எட்கர் ஆலன் போ 1839 செப்டம்பரில் ஓர் அமெரிக்க மாத இதழில் வெளியிட்ட 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' என்ற சிறுகதை அண்மைக் காலத்தில் எவ்வாறெல்லாம் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால், இந்தப் போக்கினால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்பது விளங்கும்.

'கோதிக்' என்னும் புனைகதை வகை, ஹொரஸ் வால்போல் 1764இன் இறுதியில் புனைபெயரில் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' நாவலிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு; அதன் இரண்டாம் பதிப்புதான் தன்னை 'கோதிக் கதை' என்று அழைத்துக்கொண்டது. பாழடைந்த கோட்டை, நிலவறை, முன்னோர் செய்த பாவம் சந்ததியைத் தொடர்தல், அடைபட்டுக் கிடக்கும் பெண் என்று இவ்வகைக்குரிய பொருள்கள் அனைத்தும் போவின் காலத்துக்குள் தேய்ந்துபோயிருந்தன. போ அவற்றையே எடுத்துக்கொண்டு, அவற்றை விளக்கும் முன்கதையை மட்டும் நீக்கிவிட்டார்.

பெயர் சொல்லப்படாத ஒருவர், இளமைக்கால நண்பன் ரோடரிக் அஷரின் கடிதத்தைக் கண்டு, இலையுதிர்காலத்து மாலையில் குதிரை மீது அம்மாளிகைக்கு வந்து சேர்கிறார். ரோடரிக்கால் சுவையற்ற உணவை மட்டுமே உண்ண முடிகிறது, குறிப்பிட்ட சில துணிகளை மட்டுமே உடுத்த முடிகிறது. பூக்களின் மணம் அவனை வதைக்கிறது, மங்கிய வெளிச்சமும் கண்ணை உறுத்துகிறது, நரம்பு வாத்தியங்களின் சில ஒலிகளைத் தவிர எந்த ஓசையும் அவனுக்கு அச்சமூட்டுகிறது. அவனுடைய இரட்டைச் சகோதரி மேடலினோ உடல் விறைத்து உணர்விழந்து பிணம்போலக் கிடக்கும் ஒரு நோயால் நாளுக்கு நாள் மெலிகிறாள். மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை, கதையைப் படிப்பவருக்கும் கடைசி வரை பிடிபடுவதில்லை. அவள் இறந்ததாக நம்பி நிலவறையில் வைத்த சில நாட்களில் அவள் எழுந்து வருவதும், அண்ணன் மீது சாய்ந்து அவனையும் சாய்ப்பதும், மாளிகை இரண்டாகப் பிளந்து முன்னுள்ள கருங்குட்டையில் மூழ்குவதும் அனைவரும் அறிந்த முடிவு. அந்தக் குடும்பம் கிளைவிடாமல் ஒரே நேர்வழியில் தொடர்ந்து வந்தது என்ற குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போ வாய்மூடிக்கொள்கிறார். முறைகெட்ட உறவா, பரம்பரை நோயா, வெறும் மனப்பிரமையா என்று விமர்சகர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டும் முடிவு கிட்டவில்லை.

திரைப்படம் இந்த மௌனத்தைத் தொடக்கத்திலிருந்தே தாங்கவில்லை. ழான் எப்ஸ்டீன் 1928இல் பிரான்சில் எடுத்த மௌனப்படம் அண்ணன் தங்கையைக் கணவன் மனைவியாக்கியது. மனைவியின் உருவத்தை ஓவியத்தில் தீட்டத் தீட்ட அவள் உயிர் அதில் இறங்குவதாக, போவின் வேறொரு கதையிலிருந்து காரணமும் கொண்டுவந்து, இருவரையும் உயிரோடு தப்பிக்கவும் விட்டது. ரோஜர் கோர்மன் 1960இல் வின்சென்ட் பிரைஸை நடிக்கவைத்து எடுத்த படம் குலத்தின் தீய இரத்தத்தைக் காரணமாக்கி, வந்து சேரும் நண்பனை மேடலினை மணக்கவிருப்பவனாக மாற்றியது. கதையில் பூதம் எதுவும் இல்லையே என்று தயங்கிய தயாரிப்பாளர்களிடம் அந்த வீடே பூதம் என்று கோர்மன் சொல்லிச் சமாளித்ததாகக் கூறப்படுவதுண்டு; போவைப் பற்றிய பல ஆய்வுரைகளை விட அது கூர்மையான விமர்சனம்.

காரணம் கேட்கும் பழக்கம் சினிமாவோடு வந்தது என்று கருதிவிடக் கூடாது. ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் கதைத்தலைவி எமிலி, கோட்டைக்குள் கருந்திரை போர்த்திய ஒன்றைக் கண்டு, திரையை விலக்கிப் பார்த்த கணத்தில் மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பதை ஆசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி வைத்து, புழுவரித்த பிணம்போல மெழுகில் செய்த உருவம் அது என்று நாவலின் இறுதியில்தான் சொல்கிறார். இயற்கை மீறியதாகத் தோன்றும் அனைத்துக்கும் கடைசியில் இயல்பான காரணம் காட்டும் இந்த உத்தி, விளக்கப்பட்ட அமானுஷ்யம் என்று ஆய்வாளர்களால் குறிக்கப்படுகிறது. மெழுகுருவம் என்று தெரிந்தபின் அந்த அறை எவரையும் அச்சுறுத்துவதில்லை.

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' இதற்கு நேர்மாறான வழியைக் கொண்டது. தான் உண்டாக்கிய உடலுக்கு உயிர் வந்தது எப்படி என்பதை விக்டர் சொல்ல மறுத்துவிடுகிறான். மின்னலை ஈர்த்து உயிரூட்டும் ஆய்வுக்கூடக் காட்சியை உலகின் மனத்தில் நிறுத்தியது ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931ஆம் ஆண்டுத் திரைப்படம். அந்நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்த புதுமைப்பித்தன், தம் 'காஞ்சனை'யில் வீட்டுக்குள் வந்த பெண் யார் என்பதைத் தீர்த்துச் சொல்லாமலே விட்டிருப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

டி. கிங்ஃபிஷர் என்ற புனைபெயரில் எழுதும் அர்சுலா வெர்னன் அஷர் கதையைத் திருப்பிச் சொல்லி 2022இல் வெளியிட்ட குறுநாவல் ராட்கிளிஃபின் வழியையே பின்பற்றுகிறது. ஆனால் விளக்கம் வந்தபின் அச்சம் கலைந்துவிடும் என்ற பொது அனுபவத்தை அது பொய்யாக்குகிறது. போவின் கதையில் மாளிகையின் வெளிச்சுவர் முழுவதும் நுண்ணிய பூஞ்சை படர்ந்து, கூரை விளிம்பிலிருந்து வலைபோலத் தொங்குகிறது. கற்களுக்கும் தாவரங்களுக்கும் உணர்வு உண்டு என்று ரோடரிக் நம்புகிறான். மேடலினுக்குக் கொடுத்ததை விடக் கூடுதலான சொற்களைப் போ பூஞ்சைக்குக் கொடுத்திருக்கிறார் என்று கிங்ஃபிஷர் பின்னுரையில் வேடிக்கையாகக் குறிப்பிட்டாலும், அவருடைய கதை முழுவதும் பிறந்தது அந்தக் கவனிப்பிலிருந்துதான். ஆண்டு 1890. பெயரற்ற நண்பரின் இடத்தில், கற்பனை நாடொன்றின் ஓய்வுபெற்ற படைவீரர் அலெக்ஸ் ஈஸ்டன் வருகிறார். மாளிகையைச் சுற்றியுள்ள முயல்கள் முயலுக்கு இயல்பல்லாத அசைவுகளோடு திரிகின்றன. அஞ்சி ஓடாமல் மனிதரை உற்றுப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் பூஞ்சையின் வெண்ணிழைகள் படர்ந்திருப்பது பிறகு தெரியவருகிறது. எறும்பின் உடலுக்குள் வளர்ந்து, அதைச் செடியின் மேல் ஏறவைத்து, இலையைக் கவ்விய நிலையிலேயே சாகச்செய்யும் ஒருவகைப் பூஞ்சையை உயிரியல் அறிந்தே இருக்கிறது என்பதால், இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் வழியில்லை.

பூஞ்சையைப் படமாக வரைந்துகொண்டு திரியும் யூஜினியா பாட்டர் என்ற ஆங்கிலேய மூதாட்டியும் கதையில் உண்டு. 'பீட்டர் ராபிட்' கதைகளை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டருக்கு அத்தை என்று ஆசிரியர் அவருக்கு உறவு கற்பித்திருக்கிறார். மெய்யான பீட்ரிக்ஸ் பாட்டரும் பூஞ்சைகளை ஆராய்ந்தவரே. 1897இல் அவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டபோது, பெண்களுக்குக் கூட்டங்களில் இடமில்லாததால் அவர் அங்கே இருக்க முடியவில்லை.

காரணம் வெளிப்பட்ட பிறகும் இக்கதையில் அச்சம் வளர்வதற்குக் காரணம் மேடலின். போவின் கதையில் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அறையின் மறுகோடியில் நடந்துபோகிறாள், பிறகு செத்தவளாகக் கிடக்கிறாள், பிறகு இரத்தக் கறையோடு வாசலில் நிற்கிறாள். கிங்ஃபிஷரின் மேடலினோ, குட்டையில் வாழும் அந்தப் பூஞ்சை தன் வழியாக உலகை அறிய முயல்வதை உணர்ந்து, பிள்ளைக்குக் கற்பிப்பதுபோல அதற்குப் பேச்சு கற்றுக்கொடுத்து, அதற்காகப் பரிந்தும் பேசுகிறாள். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. நோயாளிக்கு அந்த நோயின் மீதுள்ள அன்பை என்ன செய்வது என்று ஈஸ்டனுக்கும் தெரியவில்லை, வாசகருக்கும் தெரியவில்லை. ராட்கிளிஃபின் மெழுகுருவத்துக்கு இல்லாத ஆற்றல் இது.

பூஞ்சையைக் காரணமாக்கியதில் கிங்ஃபிஷருக்கு முன்னோடி உண்டு. சில்வியா மொரேனோ-கார்சியா 2020இல் வெளியிட்ட 'மெக்சிகன் கோதிக்' நாவலைப் படித்தபோது தம் கதையைக் கைவிடவே எண்ணியதாக அவர் சொல்கிறார். அந்த நாவல் போவின் கதையை நேரடியாகத் திருப்பிச் சொல்வதல்ல என்றாலும், அழுகும் மாளிகையும் தன்னுள்ளேயே மணம் செய்துகொள்ளும் குலமும் அதிலும் உண்டு. மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்திலுள்ள ரியல் தெல் மொந்தே என்ற வெள்ளிச் சுரங்க ஊர் அதற்குத் தூண்டுதல். அங்கே 1820களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர் வந்திறங்கினர். அவர்கள் கொண்டுவந்த இறைச்சி அடைத்த பலகாரம் 'பாஸ்தே' என்ற பெயரில் இன்றும் அவ்வூரில் விற்கப்படுகிறது, ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கதையின் ஆங்கிலேயச் சுரங்க முதலாளி பூஞ்சையின் துணையால் சாவை ஒத்திப்போடுகிறார். அதற்கு உரமானவை உள்ளூர்த் தொழிலாளரின் பிணங்கள். கோதிக் மாளிகையின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பழைய கதைகள் பெரும்பாலும் கேட்டதில்லை. இங்கே காரணம் கற்பிப்பதே நீதி கேட்பதாகவும் ஆகிறது.

மைக் ஃபிளனகன் 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்ட எட்டுப் பகுதித் தொடர் அந்த நீதியைத்தான் நாடியது. அதில் அஷர் குடும்பம் ஒரு மருந்து நிறுவனத்தை நடத்துகிறது. அபின் தன்மை கொண்ட 'லிகோடோன்' என்ற வலிநிவாரணியை, பழக்கத்துக்கு அடிமையாக்காது என்று சொல்லி விற்றுப் பெருஞ்செல்வம் சேர்க்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது எந்த வரலாறு என்பதை அமெரிக்கப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்டியூ ஃபார்மா 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஆக்சிகான்டின்' மாத்திரையைத் தவறான தகவல்களோடு விற்றதாக, அதனோடு இணைந்த பர்டியூ ஃபிரெடரிக் நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இவ்வளவு வலுவான காரணம் கையில் இருந்தும் ஃபிளனகன் அதோடு நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டு பிறக்கும் இரவில், வெர்னா என்ற மாயப்பெண்ணிடம் ரோடரிக்கும் மேடலினும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: எந்த வழக்கும் அவர்களைத் தீண்டாது, செல்வம் குவியும், ஆனால் அவர்களோடு அவர்கள் குலமும் முடிந்துபோகும். ரோடரிக்கின் பிள்ளைகள் ஒவ்வொருவராக, போவின் ஒவ்வொரு கதையில் வரும் சாவைப்போலச் சாகிறார்கள்.

கட்டுமானம் என்ற அளவில் இது திறமையானது. வெர்னாவாக வரும் கார்லா குகினோவின் நடிப்பும் நன்று. ஆயினும் இரண்டாவது காரணம் முதல் காரணத்தைத் தின்றுவிடுகிறது. நச்சு மருந்தை விற்றவர்கள் பல பத்தாண்டுகள் தண்டனையின்றித் திரிந்ததற்கு மெய்யுலகில் வழக்கறிஞர்களும் சமரசத் தொகைகளும் போதுமாயிருந்தன. தொடரிலோ அதற்கு ஒரு பிசாசின் வாக்கு தேவைப்படுகிறது.

இத்தனைக்கும், அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் துரத்தும் அரசு வழக்கறிஞருக்கு ஃபிளனகன் வைத்த பெயர் ஆகுஸ்த் டூபின். போ 1841இல் படைத்து மூன்று கதைகளில் உலவவிட்ட துப்பறிவாளரின் பெயர் அது. எந்தக் குற்றத்துக்கும் காரணத்தைப் பகுத்தறிந்து சொல்லிவிடும் டூபினையும், எதற்கும் காரணம் தெரியாமல் மாளும் அஷரையும் ஒரே மனிதர் இரண்டாண்டு இடைவெளியில் படைத்தார். தொடரில் அவ்விருவரும் இடிந்துகொண்டிருக்கும் பழைய வீடொன்றில் எதிரெதிரே அமர, அஷர் இரவெல்லாம் தன் குற்றங்களை விளக்கிக்கொண்டே போகிறான், டூபின் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போ இவ்விருவரையும் ஒரு கதையிலும் சந்திக்கவிடவில்லை.