விடுவிக்க இயலாது

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை, பேரனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் ஒரு கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்தேன். "இந்த முட்டிவலியை வைத்துக்கொண்டு பந்தாட்டம் ஒரு கேடா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இசிஆர் பேருந்தில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பெரியமேட்டில் இருக்கும் நேரு உள்விளையாட்டரங்கம் போய்ச் சேர்ந்தபோது எனக்கே அந்தக் கேள்வி வந்தது. அடுத்த சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. ஒரு வாரம் தள்ளி ஆட்டம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அன்றைக்கு இந்தியாவும் கஜகஸ்தானும் ஆடின. ஆசியக் கோப்பை 2025க்கான தகுதிச் சுற்று. மூன்று நாள் முன்னால் அதே அரங்கில் கத்தாரிடம் தோற்றிருந்தோம். இந்த ஆட்டத்தில் 88க்கு 69 என்று ஜெயித்தோம். நம் தமிழ்நாட்டுப் பையன் முயின் பேக் ஹஃபீஸ் ஆடுவதை, டிவியில் இல்லாமல், வியர்வை தெரிகிற தூரத்தில் பார்த்தேன். என் வயசில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்குக் கூடைப்பந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அறிமுகம். எங்களுக்கு அது 'பஸ்கெத்'. மண் தரை, ஒரு கம்பம், வலையில்லாத இரும்பு வளையம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த முசியே, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் வெள்ளி வாங்கியதைத் தானே போய் வாங்கி வந்தது மாதிரிச் சொல்லுவார். அவர் வாயில்தான் முதன்முதலில் 'எலிமினத்துவார்' என்ற சொல்லைக் கேட்டேன். தகுதிச் சுற்றுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். வெளியே தள்ளுவதற்கான ஆட்டங்கள் என்று அர்த்தம். தமிழில் நாம் 'தகுதி' என்கிறோம். ஒரே ஆட்டம்தான். ஒரு பாஷை வாசலில் நின்று உள்ளே அழைக்கிறது, இன்னொன்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இரண்டு பாஷையையும் படித்தவனுக்கு இப்படி வெட்டியாக யோசிக்க நிறைய கிடைக்கும்.

இந்தத் தகுதி ஆட்டங்களின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, 1932இல் ஜெனீவாவில் எட்டு நாடுகள் கூடி ஆரம்பித்தது. 1935இல் அதே ஊரில் முதல் ஐரோப்பியப் போட்டி. பத்து அணிகளுக்கு இடம். அதற்காக நடந்த தகுதி ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். மாட்ரிட்டில் ஸ்பெயின் 33க்கு 12 என்று போர்ச்சுகலை வென்றது. அந்த ஒரே கதவைத் திறந்துகொண்டு ஜெனீவா போன ஸ்பெயின், இறுதி ஆட்டம் வரை ஏறி, லாத்வியாவிடம் தோற்று இரண்டாம் இடம் வந்தது.

'பிராந்தியம்' என்பதும் அப்போது இஷ்டத்துக்கு நீளும். 1949இல் ஐரோப்பியப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? கெய்ரோவில்! ஆடியது ஏழே அணிகள். அதில் சிரியாவும் லெபனானும் உண்டு. ஐரோப்பியப் பட்டத்தை ஜெயித்தது எகிப்து, பிரான்ஸ் இரண்டாவது. முசியே இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். இன்றைக்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசியக் கோப்பையில் ஆடுகின்றன என்று சிலர் குறைப்படும்போது எனக்குக் கெய்ரோதான் ஞாபகம் வரும். வரைபடம் போடுகிறவன் வேறு, ஆட்டம் நடத்துகிறவன் வேறு.

வெகுகாலம் வரைக்கும் முறை எளிமையாக இருந்தது. கண்டத்துப் போட்டி ஒரே ஊரில் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கும். அதில் முன்னால் வந்தவர்கள் உலகப் போட்டிக்கோ ஒலிம்பிக்குக்கோ போவார்கள். நமக்கு அது எங்கோ நடக்கும், பேப்பரில் இரண்டு வரி வரும். ஆண்களுக்கான ஆசியப் போட்டி கடைசியாக இந்தியாவில் நடந்தது 1981இல், கல்கத்தாவில். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்றைக்கு நடுவயது தாண்டியாயிற்று.

2017 நவம்பரில் ஃபிபா இதை மாற்றியது. 2019 உலகக் கோப்பைக்கு உலகம் முழுக்க 80 நாடுகள், உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்று, கால்பந்து மாதிரி, 15 மாதத்தில் ஆறு தவணையாக ஆடவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் 'ஜன்னல்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சிலும் ஜன்னல்தான், 'ஃபெனெத்ர்'. ஜன்னல் என்ற சொல்லே நமக்குப் போர்த்துகீசியர் கொடுத்தது, அது கிடக்கட்டும். ஜன்னல் திறக்கும், ஆட்டக்காரர்கள் சொந்த நாட்டுக்கு ஓடிவந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்ப வேலை செய்யும் கிளப்புக்குப் போய்விட வேண்டும். இதே முறையைத்தான் ஆசியக் கோப்பைக்கும் வைத்தார்கள். அதனால்தான் ஒரு சர்வதேசத் தகுதி ஆட்டம் சென்னைக்கு வந்தது, நானும் பஸ் ஏறினேன்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நவம்பரிலும் பிப்ரவரியிலும் அமெரிக்காவின் என்பிஏ மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஆளை விடமாட்டார்கள். ஐரோப்பாவின் யூரோலீக்கும் அந்த முதல் ஜன்னலுக்காகத் தன் அட்டவணையை நிறுத்தவில்லை. விளைவைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஸ்லோவேனியா ஐரோப்பியச் சாம்பியன். டிராகிச்சும் 18 வயது டான்சிச்சும் சேர்ந்து இஸ்தான்புல்லில் செர்பியாவை வீழ்த்தினார்கள். இரண்டே மாதத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆரம்பம். பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாத ஸ்லோவேனியா இரண்டாம் சுற்றோடு வெளியே போயிற்று. ஐரோப்பாவை ஜெயித்தவனுக்கு உலகக் கோப்பையில் இடமில்லை. 'எலிமினத்துவார்' என்ற சொல் சரியாகப் பொருந்திய இடம் இது.

பிரான்சுக்கு நடந்தது வேறு மாதிரி. ஜன்னல் ஆட்டங்களை உள்ளூர் லீக்கில் ஆடும், அதிகம் பெயர் தெரியாத பையன்கள் பலர் ஆடி நாட்டைச் சீனாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உலகக் கோப்பை வந்ததும் கோபேர், பத்தும், ஃபூர்னியே எல்லாரும் வந்தார்கள். காலிறுதியில் அமெரிக்காவை 89க்கு 79 என்று தோற்கடித்தார்கள், வெண்கலம் வாங்கினார்கள். நான் இங்கே ஒரு ஆளாக எழுந்து நின்று கை தட்டினேன். ஆனால் கழனியை உழுதவர்களில் பலர் அறுப்புக்கு இல்லை. பதக்க மேடையில் அவர்களுக்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் சொல்லித்தான் ஜன்னல் முறையை எடுத்துவிட்டுப் பழைய முறைக்குப் போகவேண்டும் என்று வாதாடுகிறார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் கட்சி பலமானது. என்றாலும் நான் அந்தப் பக்கம் இல்லை.

நம் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கூடைப்பந்து ஒலிம்பிக் போனது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவுக்கு. அதுவும் பல நாடுகள் புறக்கணித்ததால் காலியான நாற்காலியில் உட்கார்ந்தோம். 12 அணிகளில் 12ஆவது, ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. 2022இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்துக்கு முன்னேறினோம். எப்படி? ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றும், கொரோனாவால் தென் கொரியா வரமுடியாமல் போய் அதைப் போட்டியிலிருந்து நீக்கியதால். இரண்டு தடவையும் பிறத்தியார் விட்ட இடம். இந்தத் தடவை அப்படி இல்லை. கஜகஸ்தானை நம் ஊரில் வென்றோம், பிரிவில் மூன்றாவதாக வந்தோம். 2025 மார்ச் மாதம் மனாமாவில் நடந்த கடைசிச் சுற்றில் ஈராக்கையும் பஹ்ரைனையும் வென்று ஜெட்டாவுக்குப் போனோம். அங்கே எல்லாம் தோல்விதான், ஜோர்டானோடு மட்டும் கூடுதல் நேரம் வரை இழுத்தோம். இருக்கட்டும். வாசல் வழியாகப் போனோம் அல்லவா?

அந்த நவம்பர் ராத்திரியில் அரங்கில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சீருடை டிராக் சூட்டோடு வரிசை வரிசையாக, பெண் பிள்ளைகள் நிறைய. என் பேரன் அதுவரை கிரிக்கெட் தவிர வேறெதையும் விளையாட்டு என்று ஒத்துக்கொண்டவன் இல்லை. மூன்றாவது கால் பகுதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பத்து நாள் போட்டியை ரியாத்திலோ பெய்ஜிங்கிலோ வைத்தால் இது நடக்குமா? நடக்காது. இதனால்தான் ஜன்னல் இருக்கவேண்டும் என்கிறேன். ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஆளைக் கட்டிப்போடக் கூடாது. விடுவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும், பெரிய லீக்காக இருந்தாலும் சரி.

விடுவிப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் ஒரு அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் மேல்நிலை எழுத்தர். எனக்குக் கீழே நாலைந்து வயது இளைய ஒரு தம்பி, கீழ்நிலை எழுத்தர், நல்ல உயரம். சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குக் கோப்பைக் கட்டிவைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவான். பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு வெளியூரில் ஒரு தேர்வு முகாமுக்குக் கடிதம் வந்தது. மூன்று வாரம். விளையாட்டுக்காக ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு கொடுக்க விதி இருந்தது. விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது.

மார்ச் மாதம். வரவுசெலவுக் கணக்கு முடிக்கும் நேரம். அவன் போய்விட்டால் அவன் பார்க்கும் பட்டியல்கள் என் தலையில் விழும். விதியையும் எழுதினேன், அதற்குக் கீழே "ஆண்டிறுதிப் பணிகளை முன்னிட்டு விடுவிக்க இயலாது எனக் கருதப்படுகிறது" என்றும் எழுதினேன். அந்தக் காலத்தில் என் குறிப்பில் அதிகாரி ஒரு வார்த்தை மாற்றமாட்டார். கையெழுத்துப் போட்டார். கோப்பு திரும்பி வந்தது.

மறுநாள் தம்பி என் மேஜைக்கு வந்து நின்றான். "அண்ணே, குறிப்பு உங்க கையெழுத்துதானே?" என்றான். "ஆமாம்ப்பா, மார்ச் மாசம்" என்றேன். "சரிண்ணே" என்று போய்விட்டான். மார்ச் 31 ராத்திரி ஒன்பது மணி வரை என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டான். ஒரு தப்புக் கூட இல்லை. அடுத்த வருஷம் முகாமிலிருந்து கடிதம் வரவில்லை.

அவன் போயிருந்தால் இந்தியாவுக்கு ஆடியிருப்பானா? அது என் வாதமே இல்லை. முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் தேர்வாளர்கள், கணக்குப் பட்டியலுக்குப் பயந்த ஒரு எழுத்தன் இல்லை. யூரோலீக் நிர்வாகிகள் அட்டவணை, ஒப்பந்தம், ரசிகர்கள் என்று காரணம் சொல்லும்போது ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த காரணமாகவே இருக்கிறது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். என்னுடையதும் நியாயமான காரணம்தான்.

ஒரு விஷயத்தில் இன்றைய நம் பையன்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். இந்தியன் வங்கி, ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, ராணுவம் என்று ஆடுவதற்கென்றே வேலை கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. முகாமுக்குப் போக அங்கே பெரிய தடை இராது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு, 35 வயசுக்கு மேல், அதே மேஜையில் மற்றவர்களோடு பதவி உயர்வுக்கு வரிசையில் நிற்கும்போது அவர்கள் ஆடிய வருஷங்களை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா என்பதை ஒரு பணியமைப்புப் பிரிவு ஆளாக நான் கேட்காமல் இருக்கமுடியாது. இன்னொன்று, உள்ளூர் ஆட்டங்களைப் பெரிய நகரங்களிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகலாம். நல்ல தரை உள்ள உள்ளரங்கம் இருந்தால் போதும். புதுச்சேரிக்கும் ஒருநாள் வரட்டுமே.

2027 உலகக் கோப்பை கத்தாரில். அதற்கான ஆசியத் தகுதிச் சுற்று 2025 நவம்பரில் ஆரம்பித்தது. பேரன் இப்போதே நாள் எண்ணுகிறான். தம்பி முதலியார்பேட்டையில்தான் இருக்கிறான், ஓய்வு பெற்று வருஷமாகிறது, சாயந்திரத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறான். போன வாரம் போன் செய்து, பக்கத்தில் எங்காவது ஆட்டம் வந்தால் நீயும் எங்களோடு வா, டிக்கெட் என் செலவு என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "லீவு சாங்ஷன் ஆனா வரேண்ணே" என்றான்.