அறளை பெயர்தலும் ஆராய்ச்சியும்

முதுமையில் அறிவு தடுமாறுவதை யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்தல்’ என்பர். பெரும்பாலும் ஏளனத்தோடு வழங்கும் சொல் அது. எனக்கு நிகண்டு கற்பித்த ஆசிரியரைக் குறித்து அச்சொல்லை முதன்முதற் கேட்ட நாளில் யான் பட்ட துயரம் சிறிதன்று. சூடாமணி நிகண்டை ஏடு பாராது ஒப்புவித்தவர், ஈராண்டுக்குள் தம் மகளையே “நீர் ஆர் பிள்ளை?” என்று வினவும் நிலையை அடைந்தார். ஆயினும், சூத்திரமொன்றின் முதற்சீரை எடுத்துக் கொடுப்பின் எஞ்சியது தானே வரும். பொருள் உள்ளே கிடக்கின்றது. அதனை அடையும் வழியே தூர்ந்தது போலும் என்று எண்ணிக்கொள்வேன்.

இத்தனையும் கண்டிருந்தும், சென்ற ஆண்டு ஒரு பரிசளிப்பு விழாவிலே, “கல்வியில் ஊறியோரை மறதிநோய் அணுகாது, அமெரிக்க ஆராய்ச்சி அதனை நிறுவிவிட்டது” என்று முழங்கினேன். எங்கோ படித்த துணுக்கொன்றே எனக்கு ஆதாரம். ஆசிரியரை மறந்து, கைதட்டலை நினைந்து பேசிய பேச்சு அது. கூட்டத்தில் அம்மகளாரும் இருந்தார். விழா முடிந்ததும் அருகில் வந்து, “அப்பா படிச்சது காணாதோ, ஐயா?” என்று மெல்லக் கேட்டார். மறுமொழி கூற நா எழவில்லை. அதன் பின்னரே அவ்வாராய்ச்சியைத் தேடிப் படித்தேன்.

1986இல் டேவிட் ஸ்னோடன் என்பார் தொடங்கிய ஆராய்ச்சி அது. நோத்ரடாம் கன்னியர் சபையைச் சேர்ந்த, 75 வயதும் அதற்கு மேலுமான 678 சகோதரிகள் அதிற் பங்குபற்றினர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு ஈயவும் இசைந்தனர். அவருட் சிலர் துறவு வாழ்விற் புகும்போது, ஏறத்தாழ 22 வயதில், தம் வரலாற்றைக் கையால் எழுதி வைத்திருந்தனர். பத்துச் சொற்களில் எத்தனை கருத்துகள் பொதிந்துள்ளன என்று அவ்வெழுத்துக்கள் அளக்கப்பட்டன. 1996இல் வெளிவந்த முடிபு வியப்புக்குரியது. இறந்தபின் மூளை ஆராயப்பட்ட 14 பேருள், கருத்துச் செறிவு குன்ற எழுதியோர் எல்லோரிடமும் அல்சைமர் நோய் காணப்பட்டது. செறிய எழுதியோர் ஒருவரிடமும் காணப்படவில்லை.

தமிழாசிரியனுக்கு இதனினும் இனிய செய்தி உண்டோ! அங்கேதான் யான் வழுக்கினேன். 14 என்பது சிறு தொகை. எழுத்து மெலிந்தமையால் நோய் வந்ததா, வரவிருந்த நோயின் நிழல் இளமையிலேயே எழுத்தில் விழுந்ததா என்பதும் இதனாற் புலப்படாது. அன்றியும், அச்சகோதரிகளுட் பெரும்பாலோர் ஆசிரியப் பணி புரிந்தோர். கற்று, கற்பித்து வாழ்ந்தோரையும் அந்நோய் பற்றியதென்றால், என் மேடை முழக்கத்தை அவ்வாராய்ச்சியே மறுக்கின்றதன்றோ?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. ஒன்றோடொன்று தொடர்புறாவிடின் அவற்றால் ஆவது யாதுமில்லை. நோயாளர் மூளைகளை ஆராய்ந்த றொபேட் டெரி முதலானோர், அறிவுத் தளர்ச்சியோடு நெருங்கிப் பொருந்துவது ஆங்குத் திரளும் படிவுகளின் அளவன்று, கலங்கள் சந்திக்கும் இடங்களின் இழப்பே என 1991இற் காட்டினர். கூடி இயங்கும் மூளைப் பகுதிகளின் இணக்கம் குலைவதை 2004இல் மைக்கேல் கிறீசியஸ் குழுவினர் உயிரோடுள்ள நோயாளரிடமே கண்டனர். இடம்விட்டு நீங்குதலைக் குறிக்கும் ‘பெயர்தல்’ என்னும் வினையை ஆண்ட நம் முன்னோர், அறியாமலே உண்மையின் அருகிற் சென்றனர் என்பேன்.

கல்வியாற் பயனில்லை என்பதும் அன்று. 101 வயதில் மறைந்த ஒரு சகோதரியின் மூளையில் நோயின் அடையாளங்கள் மலிந்திருந்தும், அவர் இறுதிக் காலச் சோதனைகளிலும் நல்ல புள்ளிகளே பெற்றிருந்தார். இத்தகைய சேமிப்பைப் பற்றி ஆராய்ந்தவர் யாக்கோவ் ஸ்டேர்ன். நோய் உள்ளே முற்றிய பின்னும் கற்றோரின் மூளை நெடுநாள் சமாளிக்கின்றது என்பது அவர் கருத்து. ஆனால், வெளிப்பட்ட பின்போ அவர்தம் ஞாபகம் விரைந்து வீழ்கின்றது என்று 1999இல் அவர் எழுதினார். என் ஆசிரியரின் ஈராண்டு வீழ்ச்சியை அவ்வரிகளிற் கண்டதாகவே நினைத்தேன்.

மறுநாட் காலை அம்மகளாரிடம் சென்று, விழாவிற் கூறியது பிழையென ஒப்புக்கொண்டு, படித்தவற்றை விளக்கினேன். உள்ளே ஆசிரியர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். “அப்ப, அப்பாவிலே பிழை இல்லை?” என்றார் அவர்.

“இல்லை, பிள்ளை” என்றேன்.