லேன் போர்ட் செத்தால் புது கம்ப்யூட்டரா?

டெஸ்க்டாப்பில் லேன் போர்ட் செத்துப்போனால் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற யோசனை இரண்டுதான். "பழசு சார், புது சிஸ்டம் போட்டுடுங்க." இல்லையென்றால், "இந்தக் காலத்துல யார் சார் ஒயர் இழுக்கறாங்க? வைஃபை ஸ்டிக் ஒண்ணு செருகிக்குங்க." இரண்டும் விற்கிறவருக்கு லாபம்.

எங்கள் எதிர்வீட்டு அம்மா குடும்ப பென்ஷனில் இருப்பவர். வெளிநாட்டில் இருக்கும் பேத்தியைப் பெரிய திரையில் பார்ப்பதற்கென்றே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இருபத்தெட்டாயிரம் ரூபாய். தேவைப்பட்டதோ ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கார்டு! இதைத் தொழில் என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய மதர்போர்டில் கார்டு போடமுடியாது என்பது சுத்தப் பொய். பக்கத் தகட்டைக் கழற்றினால் ஏறத்தாழ ஒரு அங்குல நீளத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தெரியும். அதன் முதல் தலைமுறையே நொடிக்கு 250 மெகாபைட் கடத்தும். கிகாபிட் கார்டுக்கு வேண்டியது 125.

வைஃபை கதை வேறு. மாட வீதிப் பக்கம் வீட்டுக்கு வீடு லாட்ஜ், லாட்ஜுக்கு நாலு ரூட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. பௌர்ணமி இரவில் அத்தனை அறையும் நிரம்பியபின் அந்த ஸ்டிக்கை வைத்துப் பேசிப் பாருங்கள். போதாததற்குப் பழைய வீட்டுச் சுவர்களின் கனம் வேறு.

கார்டு வாங்கும்போது டப்பாவில் உள்ள பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள், சிப்பின் எண்ணைக் கேளுங்கள். ரியல்டெக் 8111 அல்லது 8168 என்றால் விண்டோஸும் லினக்ஸும் அடையாளம் கண்டுகொள்ளும். இப்போது 2.5 கிகாபிட் கார்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வருகிற இணைப்பு 100 மெகாபிட், அதில் 2.5 கிகாபிட்டை வைத்து என்ன செய்ய? இன்டெல் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் அந்த வேகத்தில் பாக்கெட் தொலைகிற குறை இருந்து, பிறகுதான் திருத்தினார்கள்.

கிகாபிட் கார்டு போட்டும் 100-லேயே நின்றால் கார்டைத் திட்டவேண்டாம். 100-க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிளிப்பில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் கதை முடிந்தது. எலி கடித்த கேபிளுக்குப் புதுக் கார்டு விற்ற ஆட்களும் உண்டு.

நான் ஆபீசில் கொட்டேஷன் ஃபைல் பார்த்தவன். மாடல் எண் இல்லாமல் வந்த கொட்டேஷன் மேஜையைத் தாண்டாது. அதே வழக்கத்தில் பில்லில் சிப் எண்ணை எழுதச் சொன்னேன். "அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார்" என்றார் கடைக்காரர். எழுதியபிறகுதான் பணம் கொடுத்தேன்.

ஏலத்தில் வந்த ஒல்லி கேபினட் உங்களுடையது என்றால், அரை உயரத் தகடும் கூடவே வருகிறதா என்று டப்பாவைத் திறந்து பாருங்கள். முழுத் தகடு அதில் நுழையாது.